கிரகண இரவில் கூட்டாஞ்சோறு: ஓர் ஏற்பாட்டுப் பதிவு

2025 செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை இரவு முழுச் சந்திர கிரகணம். அன்று ஈரோட்டில் எங்கள் பகுத்தறிவு வாசகர் வட்டம் ஒரு வீட்டு மொட்டை மாடியில் கூடி, ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்து எடுத்து வந்து பகிர்ந்து உண்டது. நாற்பது பேர் வந்தார்கள். ஏற்பாட்டுப் பொறுப்பு என்னிடம் இருந்தது. இதேபோல் தங்கள் ஊரில் நடத்த நினைக்கும் கடவுள் மறுப்பாளர்களுக்கும் மனிதநேயக் குழுக்களுக்கும் பயன்படட்டும் என்று, செய்ததைச் செய்தபடி எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சமையல்காரரை வைத்துச் சமைத்தால் வேலை பாதியாகக் குறையும். பொதுவாகப் பணம் திரட்டி, ஒரு அண்டா பிரியாணியும் ஒரு அண்டா தக்காளிச் சாதமும் வாங்கிவிட்டால் யாருக்கும் சிரமம் இல்லை. எங்களில் பலர் அதைத்தான் சொன்னார்கள். நான் உடன்படவில்லை. சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதை இந்தத் தமிழ்நாடு பெருமளவு ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆகஸ்ட் 15 அன்றும், அண்ணா நினைவு நாளான பிப்ரவரி 3 அன்றும் கோயில்களிலேயே பொது விருந்து நடக்கிறது. கல்யாண மண்டபத்தில் பக்கத்து இலைக்காரர் யார் என்று யாரும் கேட்பதில்லை. இன்றைய சிக்கல் பந்தியில் இல்லை, அடுப்படியில் இருக்கிறது. 2018 இல் அவிநாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில் பட்டியல் வகுப்பைச் சேர்ந்த பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊரார் திரண்டார்கள். காலை உணவுத் திட்டம் வந்த பிறகும், சமைப்பவரின் சாதியைச் சொல்லிப் பிள்ளைகளைச் சாப்பிட விடாத பெற்றோர் 2023 இல் செய்தியானார்கள். அங்கே யாரும் பிள்ளைகளைத் தனித்தனியாக உட்கார வைக்கச் சொல்லவில்லை. யார் கை பட்டது என்பதுதான் கேள்வி. ஆகவே நம் கூட்டத்தில் ஒருவர் வீட்டு அடுப்பில் வெந்தது இன்னொருவர் வயிற்றுக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் கூடுவதற்கே பொருள் இல்லை என்பது என் கருத்து.

இதற்கு முன்னோடிகள் இருக்கிறார்கள். 1917 மே 29 அன்று கேரளத்தின் செறாயியில் சகோதரன் அய்யப்பன் தன் சாதியாரான ஈழவர்களையும், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட புலையர்களையும் சேர்த்து உண்ண வைத்தார். 'புலையன் அய்யப்பன்' என்று சொந்தச் சாதியாரே அவரைப் பழித்தார்கள். அந்தப் பெயரை அவர் பெருமையாகவே ஏற்றுக்கொண்டார். விஜயவாடாவின் நாத்திக மையத்தை நிறுவிய கோராவும் சரஸ்வதி கோராவும் பௌர்ணமி இரவுகளில் எல்லாச் சாதியாரும் மதத்தாரும் கூடி உண்ணும் விருந்துகளைப் பல ஆண்டுகள் நடத்தினார்கள். கோரா ஒரு காலத்தில் மதுரையில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவர். இங்கே நமக்கு 1924, 25 இல் சேரன்மாதேவி குருகுலப் போராட்டம் இருக்கிறது. காங்கிரஸ் நிதியும் பெற்று நடந்த பள்ளியில் பிராமணச் சிறுவர் இருவருக்கு மட்டும் தனிச் சாப்பாடு என்பதில் தொடங்கியது அது. எங்கள் ஊர்க்காரரான பெரியாரோ, போகக் கூடாது என்று விலக்கப்பட்ட வீடுகளில் தண்ணீரும் தின்பண்டமும் வாங்கி உண்டதற்காகச் சிறுவயதில் காலில் விலங்கு பூட்டப்பட்டவர். பிறர் வீட்டு உணவு என்பதன் எடையை இந்த ஊருக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அம்பேத்கர் 1936 இல் எழுதியதையும் மறக்கவில்லை. சேர்ந்து உண்பதால் மட்டும் சாதி போய்விடாது, கலந்து மணப்பதே உண்மையான மருந்து என்றார் அவர். அது சரி. ஒரு இரவுச் சாப்பாட்டுக்கு அதற்கு மேல் பெருமை சேர்க்க நான் முயலவில்லை. ஆனால் பிறர் வீட்டுக் குழம்பைத் தொடத் தயங்குகிறவர் பிறர் வீட்டுப் பெண்ணை மருமகளாக ஏற்பார் என்று நம்பவும் முடியவில்லை.

எங்கள் வட்டத்தின் முந்தைய கூடுகைகளில் ஒன்றைக் கவனித்திருந்தேன். சாப்பாடு முடிந்து பாத்திரங்களை எடுக்கும்போது எந்தப் போசி காலியாக இருக்கிறது, எது நிறைந்தபடி திரும்புகிறது என்று பார்ப்பது என் வழக்கம். ஒரு முறை கொள்ளுப் பருப்பு இரண்டு வீடுகளிலிருந்து வந்திருந்தது. இரண்டும் ஒரே நிறம், ஒரே பதம், மேலே மிதந்த பூண்டும் சின்ன வெங்காயமும்கூட ஒன்றுபோலவே இருந்தன. ஒன்றைக் கரண்டியால் சுரண்டி எடுத்திருந்தார்கள். மற்றது மேல் ஏடுகூடக் கலையாமல் இருந்தது. அந்த இரண்டாவது போசியை மூடித் துணிப்பையில் வைத்துக்கொண்ட தோழர் ஒரு சொல்லும் பேசவில்லை. அதற்கடுத்த கூடுகைக்கு அவர் பேக்கரியிலிருந்து கேக் வாங்கி வந்தார். "வேலைக்குப் போய் வந்து சமைக்க நேரமில்லை தோழர்" என்றார். அவரைப் போலவே இன்னும் சிலர் கடைப் பலகாரத்துக்கு மாறிவிட்டதைப் பிறகு கணக்கெடுத்துப் பார்த்தேன். எல்லோரும் அருந்ததியர், பறையர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். கடைப் பண்டத்துக்குச் சாதி இல்லை, அதனால் அது மிஞ்சாது. அவர்கள் எவ்வளவு நுட்பமாக ஒதுங்கிக்கொண்டார்கள் என்பதை நினைக்க எனக்கு நெஞ்சு கொதித்தது. இந்த முறை ஏற்பாட்டின் ஒவ்வொரு முடிவையும் அந்த மூடிய போசியை மனதில் வைத்தே எடுத்தேன்.

முதல் விதி: கடையில் வாங்கியது கூடாது. அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்களுக்கு அடுப்பு இருக்காது என்றார்கள். நியாயம்தான். அவர்களை ஏழு மணிக்கே வரச் சொல்லி, மாடியிலேயே வெங்காயப் பச்சடி, வெள்ளரிக்காய், பாசிப்பருப்புக் கோசம்பரி, நீர்மோர் என்று கையால் ஆகிற வேலைகளைக் கொடுத்தேன்.

இரண்டாவது விதி: கொண்டு வருகிறவரே சமைத்திருக்க வேண்டும். மேடையில் பெண் விடுதலை பேசிவிட்டு, மனைவி கட்டிக்கொடுத்த தூக்குப்போசியோடு வந்து நிற்பது இனி வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொன்னேன். தம்பதியாக வந்தால் இரண்டு பதார்த்தங்கள், அதில் ஒன்று ஆண் செய்தது. இதற்குத்தான் அதிகமாக முனகல் வந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வாழ்நாளில் அடுப்பைப் பற்ற வைத்ததில்லை என்றார். அவருக்கு அரிசியும் பருப்பும் சாதம் சொன்னேன். கொங்கு நாட்டில் இதைவிட எளிய சமையல் கிடையாது. மூன்று பங்கு அரிசி, ஒரு பங்கு துவரம் பருப்பு, சின்ன வெங்காயம், தக்காளி, பூண்டு, சீரகம், மஞ்சள்தூள், மிளகாய். குக்கரில் வைத்து இறக்கினால் முடிந்தது. தொலைபேசியிலேயே சொல்லிக்கொடுத்தேன்.

மூன்றாவது விதி இறைச்சி பற்றியது. எந்த உணவுக்கும் தடை இல்லை. எதையும் உண்ணும்படி யாரையும் வற்புறுத்துவதும் இல்லை. மாட்டுக்கறி வரலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டவர்களுக்கு, ஆடும் கோழியும் வரலாம் என்றால் அதுவும் வரலாம் என்றேன். எங்களில் உயிர்க்கொலை வேண்டாம் என்பதற்காகப் பால்கூடத் தொடாதவர் இருவர் இருக்கிறார்கள். அவர்கள் மறுப்பு உயிர் மேல் உள்ள இரக்கத்தால் வருவது, சாதியால் அல்ல. அதை மதிக்க வேண்டும். அதற்கு வழி கரண்டியில் இருக்கிறது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனிக் கரண்டி, கரண்டி இடம் மாறாமல் பார்க்க ஒரு ஆள், என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதிய அட்டை. அட்டையில் நிலக்கடலை, முந்திரி, பால், முட்டை ஆகியவற்றைக் கட்டாயம் எழுதச் சொன்னேன். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. ஆனால் சைவத்துக்கு ஒரு மேசை, அசைவத்துக்கு ஒரு மேசை என்று பிரிக்கவில்லை. அப்படிப் பிரித்தால், கொஞ்ச நேரத்தில் மனிதர்களும் இரண்டாகப் பிரிந்து நிற்பார்கள். சோறு வகை, குழம்பு, வறுவல், பொரியல், இனிப்பு என்ற வரிசையில் எல்லாம் கலந்தே இருந்தன.

இடம் கிடைப்பதில்தான் பெரும்பாடு. முதலில் பார்த்த சிறு மண்டபத்தில் அசைவம் கூடாது என்றார்கள். இன்னொன்றில் கிரகண நாளில் அடுப்பு பற்ற வைக்க விடமாட்டோம் என்றார்கள். கடைசியில் எங்கள் வட்டத்தைச் சேர்ந்த விசைத்தறித் தொழிலாளி ஒருவர் தன் சொந்த வீட்டு மாடியைத் தந்தார். மொட்டை மாடிக்கு மூன்றைப் பாருங்கள்: கைப்பிடிச் சுவர் இடுப்பளவாவது இருக்கிறதா, படிக்கட்டில் விளக்கு எரிகிறதா, கை கழுவக் குழாய் இருக்கிறதா. அக்கம்பக்கத்து வீடுகளுக்கு நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தோம். ஒலிபெருக்கி வைக்கவில்லை.

இனி நேரக் கணக்கு. இந்த ஏற்பாட்டின் கடினமான பகுதி இது. நிலவு பூமியின் மங்கலான புறநிழலுக்குள் நுழைவது இரவு 8.58. கண்ணுக்குத் தெரியும்படி பூமியின் அடர்ந்த கருநிழல் கடிக்கத் தொடங்குவது 9.57. முழுமையாக மறைவது 11.00 முதல் 12.22 வரை. கருநிழல் விலகி முடிவது 1.26. பஞ்சாங்கப்படி கிரகணத்துக்கு ஒன்பது மணி நேரம் முன்பே உணவை நிறுத்த வேண்டும். அதாவது அன்று பகல் ஒரு மணிக்கே. வீடுகளில் மிச்சமிருக்கும் சோற்றிலும் ஊறுகாய் ஜாடியிலும் தண்ணீர்க் குடத்திலும் தர்ப்பைப் புல் போட்டு வைப்பார்கள். கிரகணத்தில் உணவு நஞ்சாகும் என்பது நம்பிக்கை. நாங்கள் சரியாகப் பத்து மணிக்கு, நிழல் விழுந்துகொண்டிருக்கும்போது உண்பது என்று முடிவு செய்தோம்.

இங்கேதான் ஏற்பாட்டாளர் கண்ணும் கருத்துமாக இருக்க வேண்டும். நிழலால் உணவு கெடாது. நேரத்தால் கெடும். ஆறு மணிக்குச் சமைத்த குழம்பைப் பத்து மணிக்குச் சாப்பிட்டு யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்தால், கிரகணத்தில் சாப்பிட்டதால்தான் என்று தெருவே பேசும். அறிவியலைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் அறிவியலை முழுதாகப் பின்பற்ற வேண்டும். சமைத்த உணவு 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியசுக்கும் இடையில் நெடுநேரம் இருந்தால் நுண்ணுயிர்கள் பெருகும். இரண்டு மணி நேரம் என்பதை எல்லையாக வைத்துக்கொள்வது நல்லது. சோறு தனி ஆபத்து. அரிசியில் இருக்கும் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் (ஸ்போர்கள்) கொதியிலும் சாவதில்லை. வெந்த சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது.

அதனால் வெள்ளைச் சோற்றையும் ரசத்தையும் மட்டும் மாடியிலேயே சமைத்தோம். மூன்று கிலோ அரிசியை ஒன்பது மணிக்கு உலையில் போட்டு ஒன்பதரைக்கு வடித்தோம். குழம்பு, வறுவல் கொண்டு வருபவர்கள் எட்டு மணிக்கு மேல் சமைத்து, கொதிக்கக் கொதிக்க ஹாட்பாக்ஸில் ஊற்றி எடுத்து வர வேண்டும். வந்ததும் நடுவில் வெப்பமானியைக் குத்திப் பார்த்தேன். 60க்குக் கீழே இருந்தவற்றை மீண்டும் கேஸ் அடுப்பில் ஏற்றிக் கொதிக்க வைத்தோம். தேங்காய்ச் சட்னி வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன். அது இரவுப் புழுக்கத்தில் சீக்கிரம் ஊசிப் போகும். தயிர்ச் சாதத்துக்குப் பாலை அதிகமாகவும் தயிரைக் குறைவாகவும் சேர்த்து, குளிர்ந்தபடியே கொண்டு வரச் சொன்னேன்.

அளவு பற்றி ஒரு வார்த்தை. நாற்பது பேர் என்றதும் ஒவ்வொரு வீட்டிலும் நாற்பது பேருக்குச் சமைத்துவிடுகிறார்கள். பாதி வீணாகும். பத்துப் பேர் வயிறாரச் சாப்பிடும் அளவு போதும். இரண்டு கிலோ குழம்பு என்றால், ஆளுக்கு 50 கிராம் வீதம் ஒரு சிறு கரண்டி எல்லோருக்கும் வந்துவிடும். எல்லோரும் எல்லாவற்றையும் ருசி பார்க்க வேண்டும் என்பதே நோக்கம். என்ன பதார்த்தம் என்று நான் சொல்லவில்லை. எந்த வகை என்று மட்டும் பங்கிட்டேன். வகையைச் சொல்லாமல் விட்டால் ஆளாளுக்கு எலுமிச்சைச் சாதத்தோடும் கேசரியோடும் வந்து சேர்வார்கள்.

பரிமாறும் முறையை மாற்றியதுதான் நான் மிகவும் நம்பியிருந்த மாற்றம். அவரவரே எடுத்துக்கொள்ளும் முறையில், வேண்டாததை யாரும் பார்க்காமல் தாண்டிப் போய்விடலாம். கொள்ளுப் பருப்பு அப்படித்தான் தனித்து நின்றது. இந்த முறை சமைத்தவரே தன் பாத்திரத்துக்குப் பின்னால் நின்று பரிமாறினார். உணவுக்கு முன் வேண்டுதல் எதுவும் எங்களிடம் கிடையாது. அதற்குப் பதிலாக ஒவ்வொருவரும் தன் பதார்த்தத்தைப் பற்றி இரண்டு வாக்கியம் சொன்னார்கள். பிறகு வரிசை நகர்ந்தது. வரிசை முடிந்ததும் பரிமாறியவர்கள் தட்டெடுக்க, முதலில் சாப்பிட்டவர்கள் அவர்களுக்குப் பரிமாறினார்கள். எதிரில் நிற்கும் மனிதரின் முகத்தைப் பார்த்து "வேண்டாம்" என்று சொல்வதற்குக் காரணம் தேவைப்படுகிறது. இறைச்சி தின்னாதவருக்குக் காரணம் இருக்கிறது, அவர் கையைக் காட்டிவிட்டு நகர்கிறார். காரணம் இல்லாதவர் தட்டை நீட்டுகிறார். இது ஒரு வகை நெருக்குதல்தானே என்று ஒரு தோழர் கேட்டார். ஆமாம். ஒதுக்கப்பட்டவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தாங்கியதோடு ஒப்பிட்டால் இது தாங்கக்கூடியது என்று பதில் சொன்னேன். இன்றும் அதையே சொல்வேன்.

அன்று மேசையில் சந்தகையும் தேங்காய்ப் பாலும் இருந்தன. ராகிக் களி, செலவு ரசம், பள்ளிபாளையம் கோழி, கத்தரிக்காய்க் கடையல், ஒப்பிட்டு, ஆசிரியரின் அரிசியும் பருப்பும் எல்லாம் இருந்தன. கேக் வாங்கி வரத் தொடங்கியிருந்த அந்தத் தோழர் மாட்டுக்கறி வறுவல் கொண்டு வந்தார். அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார். "எங்கள் ஆத்தா கைப்பக்குவம். மிளகும் தேங்காய்ச் சில்லும் மட்டும்தான், மசாலாப் பொடி கிடையாது" என்பது அவர் சொன்ன இரண்டு வாக்கியம். தேங்காய்ச் சில்லுகள் எண்ணெயில் வதங்கி ஓரம் சிவந்து, கறித்துண்டுகளோடு ஒட்டிக்கொண்டிருந்தன. களியில் குழி பறித்து அந்த வறுவலை வைத்துச் சாப்பிட்ட ஒருவர் இரண்டாம் முறை வரிசையில் வந்து நின்றார்.

மேகம் அவ்வப்போது மறைத்தாலும் நிலவு நன்றாகவே தெரிந்தது. பள்ளி ஆசிரியை ஒருவர் சிறு தொலைநோக்கி கொண்டு வந்திருந்தார். பதினொரு மணிக்கு மேல் நிலவு செம்பு நிறமானபோது, பூமியின் காற்று மண்டலம் சூரிய ஒளியை வளைத்து, நீலத்தைச் சிதறடித்து, சிவப்பை மட்டும் நிலவுக்கு அனுப்புகிறது என்று பிள்ளைகளுக்கு விளக்கினார். பிறகு நிலவுக்குக் கிழக்கே சற்றுத் தள்ளி மின்னிய சனிக் கோளைக் காட்டினார். சனி என்றால் பயப்பட வேண்டிய ஒன்று என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அதைக் கண்ணால் பார்க்க வரிசையில் நின்றதுதான் அந்த இரவில் எனக்குப் பிடித்த காட்சி. இரண்டு டம்ளர் பாலில் உறை ஊற்றி, ஒன்றில் தர்ப்பை போட்டும் ஒன்றில் போடாமலும் மாடியிலேயே மூடி வைத்தார்கள். காலையில் இரண்டும் ஒன்றுபோலவே தயிராகியிருந்தன.

கர்ப்பிணித் தோழர் ஒருவர் தன் மாமியாரோடு வந்திருந்தார். கிரகணத்தில் கர்ப்பிணிகள் வெளியே வரக்கூடாது, காய் நறுக்கக்கூடாது என்று சொல்வார்கள் அல்லவா. அவரை முன்னால் நிறுத்திக் கத்தியைக் கொடுத்துப் படம் எடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். அவர் விருந்தாளியாக வந்தவர், காட்சிப் பொருள் அல்ல. அவர் தன் விருப்பப்படி சாப்பிட்டார், நிலவைப் பார்த்தார். மாமியார் மட்டும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "நீங்கள் சாப்பிடுங்கள் கண்ணு. நான் கிரகணம் விட்ட பிறகு குளித்துவிட்டுப் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். "சரிங்க அம்மா" என்றோம், அவ்வளவுதான். அவரிடம் யாரும் வாதாடவில்லை. நம்பாதவர்களின் கூட்டத்துக்கு நம்புகிறவர் ஒருவர் மருமகளோடு துணைக்கு வந்து நள்ளிரவு வரை உட்கார்ந்திருந்ததே பெரிய விஷயம். கிளம்பும்போது ஒரு டப்பாவில் சந்தகையும் கத்தரிக்காய்க் கடையலும் கேட்டு வாங்கிக்கொண்டார். கடையல் யார் வீட்டிலிருந்து வந்தது என்பது அட்டையிலேயே எழுதியிருந்தது.

கடைசியில் பாத்திரங்களைப் பார்த்தேன். வறுவல் போசி காலி, களிச் சட்டியும் காலி. மிஞ்சியது ரசமும் ஒரு வீட்டு வெண்பொங்கலும்தான். வெண்பொங்கல் ஆறி இறுகிவிட்டது. அதற்குக் காரணம் நெய்யும் நேரமும், வேறொன்றும் இல்லை. ஆறிய சோற்று வகைகளை யாருக்கும் கட்டிக்கொடுக்கவில்லை. காலை வரை வைத்துப் பிறருக்குக் கொடுப்பது ஆபத்து என்பதால் குப்பைக்குத்தான் போயிற்று. அதனால் அடுத்த முறை வெண்பொங்கல், தக்காளிச் சாதம் போன்றவற்றை வீடுகளிலிருந்து கொண்டு வரச் சொல்லாமல், சோறு முழுவதையும் இடத்திலேயே இரண்டு தவணையாக வடிக்கப் போகிறோம். விளக்கும் கூடுதலாக வேண்டும். கிரகணம் முற்றியபோது மேசை இருட்டாகி, அட்டைகளைக் கைபேசி வெளிச்சத்தில் படிக்க வேண்டியிருந்தது. திங்கட்கிழமை ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள் பதினொன்றரைக்கே கிளம்பியதால், பாத்திரம் கழுவுவது மிச்சமிருந்த சிலர் தலையில் விழுந்தது. கழுவும் முறையையும் முன்கூட்டியே பெயர் எழுதிப் பங்கிட வேண்டும், அதில் ஆண்கள் பெயர் முதலில்.

அதற்கு அடுத்த சந்திர கிரகணம் 2026 மார்ச் 3, செவ்வாய்க்கிழமை. அன்று நிலவு எழும்போதே நிழலுக்குள் இருக்கும். ஈரோட்டில் ஆறரை மணியை ஒட்டி எழுந்து, 6.47க்கெல்லாம் நிழல் விலகிவிடும். கிழக்கு அடிவானம் மறைக்காத மாடியாகத் தேட வேண்டும். நேரம் குறைவு, வேலை நாள் வேறு. ஆகவே சாப்பாடு இல்லை, மாலைப் பலகாரம். பணியாரம், சுண்டல், கச்சாயம், மாட்டுக்கறி கட்லெட் என்று இப்போதே பெயர் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். பணியாரம் ஆசிரியருடையது.